பின் இருக்கையில் கேட்ட சத்தம்

(வானொலியில் ஒலிபரப்பான காலைச் சிந்தனையின் எழுத்து வடிவம்)



இன்று ஒரு காரின் பின்சக்கரத்தைப் பற்றிப் பேசப்போகிறோம். சாமியாருக்கு மெக்கானிக் வேலை எதற்கு என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுக் கேளுங்கள். சொந்தமாகக் கார் இல்லாதவர்களும் கேளுங்கள். ஏனென்றால் இந்தக் கதையில் சத்தத்தைச் சரியாகக் கண்டுபிடித்தவருக்கு ஒரு சைக்கிள்கூடக் கிடையாது.

நமது பங்கு இல்லத்தில் பழைய கார் ஒன்று நிற்கிறது. வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், அது விடியற்காலையில் புறப்படும். சிறுநீரகம் பழுதான மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, 45 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நகரத்து அரசு மருத்துவமனைக்கு டயாலிசிஸுக்குப் போகும். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருந்துவிட்டு அவர்கள் களைத்துப்போய் வருவார்கள். திரும்ப ஏற்றிக்கொண்டு வருவோம். பேருந்தில் போகலாம் அல்லவா என்று கேட்பவர்கள், டயாலிசிஸ் முடிந்து வெளியே வருகிற ஒருவரின் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். ஓட்டுநருக்குச் சம்பளம் கொடுக்கப் பங்கில் வசதியில்லை. பெரும்பாலும் நாமே ஓட்டுகிறோம்.

அந்த மூவரில் ஒரு பாட்டி, எழுபது வயது தாண்டியவர். அவருக்கு எப்போதும் பின் இருக்கையில் இடப்பக்கம் ஜன்னலோரம். ஒரு நாள் திரும்பி வரும்போது சொன்னார்: “சாமி, எம் பக்கத்துல கீழ என்னமோ ஆட்டுக்கல்லு சுத்துத மாதிரி கேக்கு.”

“ரோடு அப்படி, பாட்டி” என்று சொல்லிவிட்டோம்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் சொன்னார். அன்று கவனித்துப் பார்த்தோம். உண்மைதான், லேசாக ஒரு உறுமல் கேட்டது. ஆனால் நம் காதுக்கு அது வலப்பக்கம் பின்னாலிருந்து வந்ததுபோல் இருந்தது. “ஆமாம் பாட்டி, பார்ப்போம்” என்றோம். பார்க்கவில்லை. அந்த நேரத்தில் ஊர்த் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது, கெபி வேலை பாதியில் நின்றது, ஆயிரம் காரணம். சத்தம் தொந்தரவாக இருந்ததால் என்ன செய்தோம் தெரியுமா? காரில் இருந்த ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தோம். வானொலியில் பேசிக்கொண்டே இதைச் சொல்ல நமக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. சத்தம் குறைந்துவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டோம்.

திருவிழா முடிந்ததும் நகரத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். “பின்னால் வலப்பக்கச் சக்கரத்தில் சத்தம்” என்று உறுதியாகச் சொன்னோம். அவர்கள் நாம் சொன்னதை நம்பி வலப்பக்கச் சக்கரத்தைக் கழற்றினார்கள். பிரேக் லைனிங் பாதி தேய்ந்திருந்தது, மாற்றினார்கள். டயரும் ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்திருக்கிறது, அதனால் இரைச்சல் வரும் என்று சொல்லிப் பின்னால் இரண்டு டயரையும் மாற்றினார்கள். அவர்கள் சொன்னது பொய்யல்ல. டயர் அலை அலையாகத் தேய்ந்தால் பேரிங் போனதுபோலவே இரையும். பழகியவர்களே ஏமாறுவார்கள். ஆனால் பணம் கொடுத்துவிட்டுப் புறப்பட்டு, நகர எல்லையைத் தாண்டியதும் அதே உறுமல். பங்குப் பேரவையில் கணக்கு வாசிக்கும்போது அந்த வரியை நாம் கொஞ்சம் வேகமாக வாசித்தோம்.

பிறகுதான் உபதேசியார் சொன்னார், “ஃபாதர், பக்கத்து ஊர் பாய்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்.” அந்தப் பாய் வேப்பமரத்தடியில் கீற்றுக்கொட்டகை போட்டு முப்பது வருடங்களுக்கு மேல் வண்டி பார்ப்பவர். காரைக் கொண்டுபோய் நிறுத்தியதும் அவர் ஸ்பானரை எடுக்கவில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு நம்மை உட்காரச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

“சத்தம் எந்த வேகத்துல ஆரம்பிக்குது ஃபாதர்? பிரேக் புடிச்சா கூடுதா, நிக்குதா? வளைவுல மாறுதா? பள்ளத்துல விழும்போது மட்டும் வருதா, நல்ல ரோட்லயும் வருதா? பஞ்சர் ஒட்டின பிறகு வந்ததா?”

நேயர்களே, ஐந்து கேள்விக்கும் நம்மிடம் ஒரு பதிலும் இல்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்து மற்றவர்கள் சொல்வதைக் கேட்பதே இருபத்தைந்து ஆண்டுகளாக நமது பணி. அப்படியிருந்தும் நாம் தினமும் ஓட்டுகிற வண்டி என்ன சொல்கிறது என்று கேட்கத் தெரியவில்லை. பாய் நம் முகத்தைப் பார்த்தார். “சரி, பின்னாடி யார் உக்காந்து வருவாங்க?” என்றார். பாட்டியைப் பற்றிச் சொன்னோம். “அவங்கள ஒரு நாள் கூட்டிட்டு வாங்க. பின்சக்கரத்துச் சத்தம் ஓட்டுறவங்க காதுக்குச் சரியா வராது. தகரத்துல ஏறிச் சுத்திட்டுத்தான் வரும். சக்கரத்து மேல உக்காந்திருக்கிறவங்களுக்குத்தான் உடம்புலயே தெரியும்.”

அவர் கேட்ட கேள்விகளின் அருமை பிறகுதான் புரிந்தது. ஒவ்வொரு கேள்வியும் ஒரு நோயை விலக்குகிற கேள்வி. பள்ளத்தில் மட்டும் ‘டொக்’ என்று வந்தால் அது ஷாக் அப்சார்பரோ அதன் ரப்பர் புஷ்ஷோ. சில நேரம் டிக்கியில் சரியாகக் கட்டாத ஜாக்கியும் ஸ்டெப்னியும்கூட அப்படி ஆடி நம்மைப் பயமுறுத்தும். முதலில் டிக்கியைக் காலி செய்துவிட்டு ஓட்டிப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை. பிரேக் மிதிக்கும்போது இரும்போடு இரும்பு உரசினால் லைனிங் தீர்ந்துவிட்டது. வண்டி வேகத்துக்குத் தக்கபடி ‘டிக் டிக் டிக்’ என்று வந்தால் டயர்ப் பட்டையில் ஒரு கல்லோ ஆணியோ ஏறியிருக்கலாம். மிதிக்காதபோதும் உரசி, ஓடி நின்றபின் ஒரு சக்கரம் மட்டும் தொட முடியாதபடி சுட்டால் ஹேண்ட் பிரேக் முழுதாக விடவில்லை.

பஞ்சர் ஒட்டிய பிறகு வந்ததா என்ற கேள்வியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய அன்றோ மறுநாளோ பின்னால் ‘டக் டக்’ என்று ஆட்டமும் சத்தமும் வந்தால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டாதீர்கள். வீல் நட் தளர்ந்திருக்கும். அங்கேயே ஓரங்கட்டி நிறுத்துங்கள். ஸ்பானரால் எதிரெதிராக இருக்கும் நட்டுகளை மாறி மாறி முறுக்குங்கள். சரியாக இருந்தாலும், சக்கரம் மாட்டி ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு தடவை முறுக்கிப் பார்ப்பது நல்லது. இதைப் பாய் சொன்னபோது அங்கே நின்ற ஆட்டோக்காரத் தம்பி ஒருவர் மெல்ல எழுந்துபோய்த் தம் வண்டியின் நட்டைத் தொட்டுப் பார்த்தார்.

சனிக்கிழமை பாட்டியை அழைத்துப் போனோம். “டயாலிசிஸ் இல்லாத நாள்ல எதுக்குச் சாமி?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். பாய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். நாம் முன்னால் இடப்பக்கம், பாட்டி தம் வழக்கமான இடத்தில். தேரிக்காட்டு வழியாகப் போகும் சாலையில் அந்த நேரம் போக்குவரத்து அதிகம் இருக்காது. ஜன்னல்களை இறக்கிவிட்டு, ரேடியோவை நிறுத்திவிட்டு, மெதுவாக வேகம் கூட்டினார்.

“இப்ப கேக்குதா பாட்டியம்மா?”

“இல்ல.”

முப்பதைத் தாண்டியது. “இப்ப?”

“ஆமா, ஆரம்பிச்சிட்டு.”

ஐம்பதில் அவர் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். எஞ்சின் அடங்கியது, வண்டி தானாக உருண்டது. “இப்ப?” “அப்படியேதான் இருக்கு.” எஞ்சின் இல்லை, கியர்பாக்ஸ் இல்லை என்று பாய் நமக்குச் சொன்னார். எஞ்சின் அடங்கியும் சத்தம் அடங்காவிட்டால், அது உருளுகிற ஏதோ ஒன்றிலிருந்துதான் வருகிறது. பிரேக்கை லேசாகத் தொட்டார். மாற்றமில்லை. தார் பளபளவென்று இருக்கும் புதுச் சாலையிலும், ஜல்லி தெரியும் பழைய சாலையிலும் ஓட்டினார். டயர் இரைச்சல் என்றால் சாலைக்குச் சாலை குரல் மாறும். இது மாறவில்லை.

கடைசியாக, முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேராக நீண்ட இடத்தில் ஸ்டியரிங்கை மெதுவாக வலப்பக்கம் ஒடித்தார். பாட்டி கையை உயர்த்தினார். “கூடுது, கூடுது!” இடப்பக்கம் ஒடித்தார். “கொறையுது.” மறுபடி வலம். “கூடுது சாமி!” பாட்டியின் குரலில் அப்படி ஒரு உற்சாகத்தை நாம் அதுவரை கேட்டதில்லை.

வண்டி வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடப்பக்கச் சக்கரத்தின் மேல் சாய்கிறது. பாரம் ஏறியதும் எந்தச் சக்கரம் அலறுகிறதோ, அதில்தான் பேரிங் போயிருக்கிறது. பேரிங் என்பது என்ன? ஓர் உள்வளையம், ஒரு வெளிவளையம், இரண்டுக்கும் நடுவே எஃகு உருண்டைகள், அவற்றைச் சுற்றிக் கிரீஸ். நம் கார்ச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 560 முறை சுற்றுகிறது. மருத்துவமனைக்கு ஒரு தடவை போய்ச் சேர்வதற்குள் 25,000 சுற்று. வழவழப்பான பாதையில் கடுகளவு குழி விழுந்தால்கூட உருண்டைகள் ஒவ்வொரு சுற்றிலும் அதில் விழுந்து எழ வேண்டும். ஆட்டுக்கல் என்று பாட்டி சொன்னது அதைத்தான்.

கொட்டகைக்குத் திரும்பி, முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, இடப்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். ஜாக்கியை மட்டும் நம்பாமல் அடியில் கனமான மரக்கட்டை ஒன்றையும் கொடுத்தார். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மறு கையைச் சுருள் ஸ்பிரிங்கின் மேல் வைத்தார். “நீங்க தொட்டுப் பாருங்க ஃபாதர்.” தொட்டோம். மணல் அரைபடுவதுபோல ஒரு நடுக்கம் விரலில் ஏறியது. பிறகு வலப்பக்கத்தைத் தூக்கிச் சுற்றினார். அங்கே ஸ்பிரிங் அமைதியாக இருந்தது. இடப்பக்கச் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிக் காட்டினார். லேசாக ஆடியது. “ப்ளே வந்திருச்சு” என்றார்.

டிரம்மைக் கழற்றினார். உள்ளே கிரீஸ் கருத்து, துருவோடு சேர்ந்து சேறுபோல் ஆகியிருந்தது. “தண்ணியில இறக்குனீங்களா?” என்று கேட்டார். அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டமே தண்ணீரில் மிதந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளம் வடியத் தொடங்கியதும் அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, சக்கரம் மூழ்கும் தண்ணீரில் இந்தக் காரைத்தான் ஓட்டிக்கொண்டு போனோம். அன்று உள்ளே புகுந்த தண்ணீர் கிரீஸைக் கெடுத்துவிட்டு, மாதக்கணக்கில் சும்மா இருந்து, மெதுவாகத் தின்றிருக்கிறது. அன்று போயிருக்கக் கூடாது என்று நாம் சொல்ல மாட்டோம். போய் வந்த பிறகு சக்கரத்தைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். வெள்ளத்தில் ஓடிய வண்டி வைத்திருப்பவர்கள், அது நன்றாகத்தானே ஓடுகிறது என்று இருந்துவிடாதீர்கள்.

“இப்படியே ஓட்டியிருந்தா?” என்று கேட்டோம். பாய் நேராகப் பதில் சொல்லவில்லை. பின் இருக்கைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். “சூடேறி இறுகிக்கும். இல்லன்னா சக்கரம் தனியா போகும். எப்பன்னு சொல்ல முடியாது ஃபாதர்” என்றார்.

அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. ஜெர்மனியில் நடந்த ஒரு விபத்து நினைவில் சுற்றிக்கொண்டிருந்தது. 1998 ஜூன் 3 அன்று எஷெடெ என்ற ஊரருகே அதிவேக ரயில் ஒன்று தடம் புரண்டது. 101 பேர் இறந்துபோனார்கள். முதல் பெட்டியின் ஒரு சக்கரத்தைச் சுற்றியிருந்த எஃகுப் பட்டை உடைந்து, பெட்டியின் தரையைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது. அதைக் கண்ணால் பார்த்த பயணி ஒருவர், அங்கேயே இருந்த அபாய பிரேக்கை இழுக்காமல், ரயில் பொறுப்பாளரைத் தேடிக்கொண்டு பெட்டி பெட்டியாகப் போனார். பொறுப்பாளரோ, தாம் நேரில் பார்த்த பிறகுதான் நிறுத்த முடியும் என்றார். அவர் வந்து பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. இதைவிட நெஞ்சைச் சுடுவது இன்னொன்று. அந்தச் சக்கரம் இருந்த பகுதியிலிருந்து சத்தமும் அதிர்வும் வருவதாக ரயில் ஊழியர்களே அதற்கு முன்பு பலமுறை எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஏட்டில் எழுதப்பட்டிருந்தது, சக்கரம் மட்டும் மாற்றப்படவில்லை.

குருமடத்தில் படித்த காலத்தில் விடுமுறைக்கு இரவு ரயிலில் ஊருக்கு வருவோம். பெரிய சந்திப்புகளில் வண்டி நிற்கும்போது, நீண்ட பிடியுள்ள சுத்தியலோடு ஓர் ஊழியர் பெட்டிகளின் ஓரமாக நடந்து, சக்கரங்களைத் தட்டிக்கொண்டே போவார். தூக்கத்தைக் கெடுக்கிறாரே என்று சலித்துக்கொள்வோம். நல்ல சக்கரம் மணிபோல ஒலிக்கும், விரிசல் விட்ட சக்கரம் மந்தமாக ஒலிக்கும். நம் தாய்மார்கள் சந்தையில் மண்சட்டியைத் தட்டிப் பார்த்து வாங்குவதும் அதே சாத்திரம்தான். வியன்னாவில் ஆவுன்ப்ருகர் என்ற மருத்துவர் நோயாளியின் நெஞ்சை விரலால் தட்டி நோயறியும் முறையை 1761ஆம் ஆண்டு நூலாக எழுதினார். அவர் விடுதிக்காரரின் மகன். பீப்பாயைத் தட்டி எவ்வளவு திராட்சை இரசம் இருக்கிறது என்று தந்தை கண்டுபிடிப்பதைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். இப்போதும் மருத்துவமனையில் டாக்டர் நம் முதுகில் விரல் வைத்துத் தட்டுகிறாரே, அதன் தொடக்கம் அங்கேதான்.

சரி, பாட்டி ஏன் பேசாமல் போனார்? அதைச் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்க முடியாது. புதுப் பேரிங் போட்டு முடித்தபின், அவரை வீட்டில் இறக்கிவிடும்போது கேட்டோம். “சத்தம் அதிகமாகிக்கிட்டேதானே இருந்தது, ஏன் பாட்டி அதுக்கப்புறம் சொல்லல?”

கொஞ்ச நேரம் சேலை முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார். “ரெண்டு மட்டம் சொன்னேன் சாமி. நீங்க ரேடியாவக் கூட்டி வச்சீங்க. சாமிக்குப் புடிக்கலன்னு நெனச்சேன். பெறகு, வண்டி கெட்டுட்டுன்னு பட்டறையில விட்டுட்டா நாங்க மூணு பேரும் எதுல போவோம்? சத்தம் இருந்தாலும் வண்டி வந்தாச் சரின்னு இருந்துட்டேன்.”

நமக்குப் பேச வாய் வரவில்லை. அந்தச் சக்கரத்தின் நேர் மேலே, அது எப்போது கழன்று போகும் என்று தெரியாமல், வாரம் இரண்டு முறை போகவர 180 கிலோமீட்டர் அவர் உட்கார்ந்து வந்திருக்கிறார். நம்மிடம் உதவி பெறுகிறவர் நம்மிடம் குறை சொல்லத் தயங்குவார் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் வீட்டில் பிள்ளைகளை நம்பி இருக்கும் வயதானவர்கள், நம் கடையில் வேலை பார்க்கும் பையன், எல்லோருக்கும் இந்தத் தயக்கம் உண்டு. இரண்டு தடவைதான் சொல்வார்கள். மூன்றாவது தடவை நாம்தான் போய்க் கேட்க வேண்டும். மறுநாள் பங்குப் பேரவையில், நாம் வேகமாக வாசித்த அந்த டயர்க் கணக்கை மறுபடியும் எடுத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னோம். யாரும் கோபிக்கவில்லை. காரைப் பட்டறையில் விடும் நாள்களுக்கு வாடகை வண்டி பிடிக்கத் தனியாக ஒரு தொகை ஒதுக்கலாம் என்று இளைஞர் ஒருவர் சொன்னார், அது தீர்மானமாயிற்று. இனி வண்டி கெட்டாலும் மருத்துவமனைப் பயணம் நிற்காது என்று அந்த மூன்று வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம்.

போன செவ்வாய்க்கிழமை வழக்கம்போலப் புறப்பட்டோம். ரேடியோ போடவில்லை. நகரத்தை நெருங்கும்போது திரும்பிப் பார்த்து, “பாட்டி, சத்தம் ஏதும் கேக்குதா?” என்றோம்.

“பின்னாடி ஒண்ணும் இல்ல சாமி” என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டு, “முன்னாடி உங்க கதவுலதான் ஏதோ கடகடங்கு. ஒரு மாசமா கேக்கு” என்றார்.

பாயிடம் சொல்லியிருக்கிறோம். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.